படிக்கட்டுச் சுவரில் ஈலி

அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்த மனிதரை, ஒரே ஒரு சொல்லால், அரை நிமிடத்தில், வேலையும் நல்ல பெயரும் இல்லாமல் தெருவில் நிற்க வைத்தவள் நான். அதைச் செய்தபோது எனக்கு என் தமிழ் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. மதுரைக்காரி அல்லவா. எனக்குத் தெரியாத தமிழ்ச் சொல் ஒன்று லண்டனில் வந்து முளைத்துவிடுமா என்கிற திமிர்.

பெயர் வேண்டாம். அண்ணே என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

மனோர் பார்க்கில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. என் வீட்டுக்காரருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை லீட்ஸில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறதே என்று கோயில் அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டினோம். அதைப் பார்த்துத்தான் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதுக்குள். சுவிஸில் பன்னிரண்டு வருடம் ஹோட்டல் சமையலறையில் இருந்துவிட்டு இங்கே வந்து, வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் கேரர் வேலையில் சேர்ந்திருந்தார். நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். தேய்த்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அறையைப் பார்த்துவிட்டு அவருடைய தமிழில் ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. “என்ன, என்ன?” என்று இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்டபோது முகத்தைச் சுளித்தேன் என்று நினைக்கிறேன். இப்போது அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் பெட்டியோடு வந்து இறங்கியவர் வாயில் மதுரைத் தமிழ். அதுவும் ஏனோதானோ மதுரை இல்லை, எங்கள் மேலூர்ப் பக்கத்துப் பேச்சு. “செருப்பை அங்கிட்டு வைக்கவா, இங்கிட்டு வைக்கவா தங்கச்சி?” என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மணி நேரம் என் வீட்டுக்காரரோடு அறை வாடகை பேசியதில் அவ்வளவையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து மூன்று வருடம் அவர் என்னோடு அந்தத் தமிழில்தான் பேசினார். ஒரே ஒரு நாள் தவிர.

எதைப் பார்த்தாலும், எதைக் கேட்டாலும் அதை அப்படியே திரும்பச் செய்துவிடுவார். அதுதான் அவர். வித்தை காட்டுவதற்காகச் செய்யவில்லை. நாம் ஆள் பார்த்துப் பேசுகிற மாதிரி, அவர் ஆளாகவே பேசினார். பஸ் டிரைவரிடம் பஸ் டிரைவரின் தொண்டை, பக்கத்து வீட்டுப் பஞ்சாபித் தாத்தாவிடம் அவர் மாதிரியே ஒரு இழுப்பு. இங்கிலீஷில் நூறு சொல் தெரியுமோ என்னவோ, ஆனால் தெரிந்த நூறையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கிழக்கு லண்டனில் பிறந்தவன் என்றே சத்தியம் செய்வீர்கள். நூற்றியோராவது சொல் வந்ததும் ஊமையாகிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சமையலறையில் நிற்கிறேன். படியில் என் வீட்டுக்காரர் செருமிக்கொண்டே இறங்கி வரும் சத்தம். இரண்டு செருமல், ஒரு இருமல், கடைசிப் படியில் கொஞ்சம் அழுத்தி ஒரு மிதி. லீட்ஸிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டாரா என்று ஓடிப் போய்ப் பார்த்தால் இவர், கையில் காலித் தம்ளரோடு. “பயந்துட்டீங்களா?” என்று கேட்டார், அதுவும் என் புருஷன் குரலில். அவருக்கே தெரியாமல் செய்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று சொல்கிறேன். முன்னறையில் ஈரம் ஏறி, பழைய ரோஜாப்பூ வால்பேப்பர் ஒரு முழத்துக்கு உரிந்துவிட்டது. அதே காகிதம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மொத்தச் சுவரையும் மாற்ற வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சுவர் முழுசாக இருக்கிறது. எங்கே உரிந்தது என்று எனக்கே தெரியவில்லை. தடவிக்கொண்டே போனேன், ஓரிடத்தில் விரல் ஈரமானது. விரல் நுனியில் ரோஜா நிறம். வெறும் பூச்சில் பூவும் இலையும் வைத்திருந்தார். அந்தக் காகிதத்தில் வெயில் பட்டு மங்கிய மங்கல்வரை இருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நான் கையைக் கழுவிவிட்டு வந்து ரொம்ப நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவும் செய்கிறவர் தனக்கென்று எப்படிப் பேசுவார் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. போனில் ஊருக்குப் பேசும்போது கதவைச் சாத்திக்கொள்வார்.

அவர் பார்த்துக்கொண்ட அம்மாள் வான்ஸ்டெட்டில் இருந்தார். தொண்ணூறு வயது. கணவர் டாக்டராக இருந்து எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கண்ணில் நடுப்பார்வை போய், ஓரப் பார்வை மட்டும் மிச்சம். காலையும் மாலையும் இவர் 101 பஸ் பிடித்துப் போய் எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாளுக்கு ஏதோ கடிதம் வந்திருக்கிறது, படித்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னையும் கூட்டிப் போனார்.

அவர் முன்னால் உள்ளே போய்விட்டார். நான் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி எதையோ கேட்கிறாள், மற்றவள் அதே நடுக்கத்தோடு, அதே நிதானத்தோடு பதில் சொல்கிறாள். யாரோ சிநேகிதி வந்திருக்கிறாள் போல என்று எட்டிப் பார்த்தேன். அங்கே இருந்தது ஒரே கிழவிதான், பக்கத்தில் இவர். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்த வீட்டில் மாடிப்படியை ஒட்டி ஒரு நாற்காலி தண்டவாளத்தில் ஏறி இறங்கும், ஸ்டேர்லிஃப்ட். அது போகும் வழிச் சுவரில் பதினோரு படங்கள். எல்லாம் நீர்வண்ணம், விக்டோரியா ராணி காலத்துச் சமாச்சாரம். அம்மாளின் தாத்தாவுக்கு ஒரு தங்கை, பாதிரியார் மகள், ஈலி என்கிற சின்னப் பேராலய நகரத்தில் இருந்துகொண்டு வரைந்தது. அந்த அம்மாள் பிறந்ததும் அங்கேதான். ஆற்றங்கரையில் மாடுகள் நிற்க, பின்னால் பேராலயத்தின் பெரிய கோபுரம். சரக்குப் படகுகள். தண்ணீர் இறைக்கும் காற்றாலை. வெள்ளத்தில் மூழ்கிய வயல், தூரத்தில் அதே கோபுரம். சந்தைத் தெரு, புகைபோக்கிகளுக்கு மேலே அதே கோபுரம். எங்கே நின்று பார்த்தாலும் அது நம்மையே பார்ப்பது போல இருந்தது. எல்லாவற்றிலும் தண்ணீர், எல்லாவற்றிலும் மழை வரப்போகிற வானம். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அம்மாளுக்கு அதுதான் உயிர். ஒவ்வொரு காலையும் நாற்காலி இறங்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் நிறுத்தச் சொல்லி, கடைக்கண்ணால் பார்த்து, மாடுகளுக்கு வணக்கம் சொல்வார். தூரிகையை ஆற்றுத் தண்ணீரிலேயே முக்கி வரைந்தாளாம் அந்தப் பெண், அதனால்தான் நிறத்தில் ஒரு சேறு என்றார். இவர் ஒவ்வொரு படத்துக்கும் பொறுமையாக நிறுத்துவார். அந்த அம்மாள் பார்க்கும்போது இவரும் பார்ப்பார்.

அன்றைக்கு அம்மாளின் அண்ணன் மகனும் வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய குரல், நல்ல வாசனை, கையில் படங்கள் வைக்கிற பெரிய தட்டையான கறுப்புப் பை. அத்தையைக் கன்னத்தில் முத்தமிட்டார். எனக்குக் கதவு திறந்துவிட்டார். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று பஸ்ஸில் வரும்போது சொன்னேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் டீ குடிக்கும்போது சொன்னார்: “அந்த அம்மா படத்துல பனி கொட்டிக் கிடக்குதாம் தங்கச்சி. மாட்டையெல்லாம் காணோமாம். சாப்பிட மாட்டேங்குறாங்க.”

நான் சிரித்தேன். வயசானால் அப்படித்தான், கண்ணும் போய்ப் புத்தியும் கலங்கும், எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன் என்று பெரிய டாக்டர் மாதிரி விளக்கம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருடைய அறையில் என்னவோ நடக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் தலை காய வைக்கிற ஹேர் டிரையர் ஓடும். அவர் தலையில் இருந்த முடிக்கு அது இரண்டு நிமிட வேலை. என் சாஸர்கள் ஒவ்வொன்றாக மாடிக்குப் போய், தேயிலைக் கறையோடு திரும்பி வரும். தபாலில் பழைய தடித்த புத்தகங்கள் வந்தன, பக்கங்களெல்லாம் பழுத்துப்போனவை. குப்பையில் அந்தப் புத்தகங்களைப் பார்த்தேன், முன்னாலும் பின்னாலும் உள்ள வெற்றுத் தாள்கள் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் ஃபிரிட்ஜில் பாட்டில் நிறையச் சேற்றுத் தண்ணீர். என் வீட்டுக்காரர் புளித்தண்ணீர் என்று நினைத்து ரசம் வைக்கப் போனார். எனக்கு வந்ததே கோபம். என்ன இது என்று கேட்டேன். “நேத்து லீவுல ஈலி வரைக்கும் போய்ட்டு வந்தேன், ஆத்துத் தண்ணி” என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, சாமிக்கு என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஒரு நாள் துவைத்த துணியை வைக்கப் போனபோது அவருடைய கதவு பாதி திறந்திருந்தது. மேஜை மேல் ஒரு தாள். அதில் இங்கிலீஷ் எழுத்து இரண்டு, யாருடைய பெயருக்கோ முதலெழுத்துப் போல, பக்கம் நிறைய எழுதியிருந்தது. மேலே நடுங்கி நடுங்கி. கீழே வரவர ஒரே அச்சாக. பழைய தாள், கறை, கையெழுத்துப் பழகுவது. இந்த ஆள் என் வீட்டில் உட்கார்ந்து கள்ளப் பத்திரமோ கள்ளப் பாஸ்போர்ட்டோ தயாரிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆகட்டும், கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம், பிறகு பக்குவமாக அறையைக் காலி செய்யச் சொல்வோம் என்றார். அதிலிருந்து நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்றால், தெரியாமல் இருக்குமா? என் முகத்தை என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்த மனுஷன்.

நவம்பரில் அந்த அம்மாள் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்த வாரமே இவரை வேலைக்கு அனுப்புகிற கேரர் ஏஜென்சி விசாரணைக்குக் கூப்பிட்டது. அண்ணன் மகன் புகார் கொடுத்திருக்கிறார்: படிக்கட்டுச் சுவரில் ஆறு படங்களின் பின்பக்கம் கத்தியால் கீறித் திறக்கப்பட்டிருக்கிறது, கேரர்தான் கை வைத்திருக்கிறார், அத்தை வீடு திரும்பும்போது இந்த ஆள் அங்கே இருக்கக் கூடாது. மொழிபெயர்க்க யாரையாவது கூட்டி வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. இவர் என்னிடம் வந்து நின்றார். வேலை போனால் பரவாயில்லை தங்கச்சி, பேர் கெட்டா மனுவும் போயிரும், எந்த வீட்டுக் கதவும் திறக்காது, நீங்க வந்தாப் போதும் என்றார். கள்ளக் கையெழுத்து என் கண் முன்னால் நின்றது. இருந்தாலும் வாடகைக்கு இருக்கிறவர், மூன்று வருடப் பழக்கம். வருகிறேன் என்றேன். உள்ளுக்குள், உண்மை என்னவென்று தெரிந்துகொள்ளவும் ஆசை. பொய் சொல்லவில்லை.

விசாரணை அந்த வீட்டுச் சாப்பாட்டு அறையில், பகல் இரண்டு மணிக்கு. ஏஜென்சி மேனேஜர் ஒரு அம்மாள், அண்ணன் மகன், இவர், நான். மேஜை மேல் ஒரு படம் குப்புறக் கிடந்தது. சட்டத்தின் பின்னால் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தை நான்கு பக்கமும் யாரோ பிளேடால் நேராகக் கீறியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற மாதிரி சுத்தமான கீறல். மேனேஜர் எனக்கு முறையைச் சொன்னார். “அவர் சொல்கிறார்” என்று சொல்லக் கூடாது. அவர் “நான்” என்றால் நானும் “நான்” என்றே சொல்ல வேண்டும். சரி என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேனேஜர் படத்தைத் திருப்பிக் காட்டி, இதற்கு என்ன நடந்தது, இதைக் கீறித் திறந்தது அவரா என்று கேட்கச் சொன்னார். மாடுகள், ஆறு, கோபுரம். நான் இவரிடம், “அண்ணே, இந்தப் படத்துக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க. நீங்களா செஞ்சதுன்னு கேக்குறாங்க” என்றேன்.

அவர் நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். அண்ணன் மகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தபோது வந்தது என் வீட்டுக்காரர் குரல் இல்லை. யாருடைய குரலும் இல்லை. மெலிந்த, அவசரமான ஒரு குரல்.

“இது நான் கீறினது, தங்கச்சி. இந்த ஆறும் நான்தான் கீறினனான். அம்மாவுக்காகத்தான் கீறினது. முந்தி இருந்த படங்கள்…”

நான் அதற்குள் மேனேஜர் பக்கம் திரும்பிவிட்டேன். “யெஸ். ஐ கட் இட். ஐ கட் ஆல் சிக்ஸ்.”

அம்மாவுக்காகக் கீறினாராம். படத்தைக் கத்தியால் கீறுவதில் கிழவிக்கு என்ன வந்தது? அர்த்தமில்லாத உளறல், பயத்தில் பேசுகிறார் என்று அதை நானே வெட்டிவிட்டேன். “முந்தி இருந்த படங்கள்” என்று அவர் இழுத்தபோது மேனேஜர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒப்புக்கொண்ட பிறகு மேற்கொண்டு எதுவும் கேட்கத் தனக்கு அதிகாரமில்லை, இவரும் எதுவும் சொல்ல வேண்டாம், அது இவர் நன்மைக்குத்தான் என்றார். அண்ணன் மகன் நீளமாக ஒரு மூச்சு விட்டார். எனக்கு ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். போலீஸ் எல்லாம் வேண்டாம், பாவம், அவர் வாழ்க்கையைக் கஷ்டமாக்க விரும்பவில்லை, வேலையை விட்டு நின்றால் போதும் என்றார். என் மொழிபெயர்ப்புக்கு நன்றி சொன்னார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். நினைத்தேனே, ஐயோ.

வீட்டுக்கு வந்து நான் சமையலறைக்குத் திரும்பும்போது படியில் நின்று கேட்டார்:

“கட் எண்டால் வெட்டுறதெல்லோ, தங்கச்சி?”

“ஆமா” என்றேன்.

“ஓம்” என்றார். மேலே போய்விட்டார். ஒருவனுக்குத் தன் தவறு இப்போதுதான் உறைக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாவியை மேஜை மேல் வைத்திருந்தார். சாஸர்கள் எல்லாம் கழுவி அடுக்கியிருந்தன.

அறையைச் சுத்தம் செய்தபோது அலமாரித் தட்டில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில் கத்தையாகத் தாள்கள் கிடைத்தன. மாடு, மாடு, மாடு. ஒரே மாடு இருபது தடவை. படகுகள். வெள்ளத்தில் வயல். அந்தக் கோபுரம் பெரிதும் சிறிதுமாக. பார்த்தீர்களா, கள்ளப் படமே போட்டிருக்கிறார், நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜனவரியில் பொங்கலுக்குக் கரும்பு வாங்க எங்கள் தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் யாழ்ப்பாணத்துக்காரி. வாசல் கண்ணாடி முழுக்கப் பொங்கல் பானையும் சூரியனும் வண்ணத்தில் பளிச்சென்று இருந்தது.

“வடிவா இருக்கே அக்கா? என்ரை மச்சாள் கீறினவ” என்றாள்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். குனிந்து பார்த்தேன். “எங்கம்மா கீறினாங்க? கண்ணாடி நல்லாத்தானே இருக்கு?”

அவள் சிரித்துவிட்டாள். “ஐயோ அக்கா, கீறுறது எண்டால் நீங்கள் வரையிறது எண்டு சொல்லுவியள். அதுதான்.”

கரும்பை அங்கேயே போட்டுவிட்டேன். கடையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். இது நான் கீறினது. இந்த ஆறும் நான்தான். அம்மாவுக்காகத்தான். முந்தி இருந்த படங்கள். பின்பக்கத்தைக் கீறியவன் அந்த அண்ணன் மகன். ஒவ்வொன்றாக உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு வெறும் சட்டத்தை, வெள்ளை அட்டையோடு, மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அந்த அம்மாளின் ஓரக்கண்ணுக்கு அது பனி. முன்பக்கத்தைக் கீறியவர் இவர். கிழவி சாப்பிடுவதற்காக, மாடு மாடாக, படகு படகாக, மூலையில் வரைந்தவளின் பெயரெழுத்து இரண்டும் விடாமல், ஆற்றுத் தண்ணீரைக்கூட ஆற்றிலிருந்தே கொண்டுவந்து திரும்ப வைத்திருக்கிறார். தான் கொண்டுபோன படங்கள் சுவரிலேயே இருப்பதைப் பார்த்த அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? வரைந்தேன் என்ற ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால், பழையது எங்கே என்ற கேள்வி அந்த மேஜையிலேயே அவன் பக்கம் திரும்பியிருக்கும். நான்தான் அவனைக் காப்பாற்றினேன். அதற்குத்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

வான்ஸ்டெட்டுக்குப் போனேன். வாசலில் வீடு விற்பனைப் பலகை. பக்கத்து வீட்டம்மாள் சொன்னார், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு வாரம்கூட உயிரோடு இருக்கவில்லை, சாப்பாட்டைத் தொடவே இல்லையாம்.

ஏஜென்சி மேனேஜருக்குப் போன் செய்தேன். ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அழுதுகொண்டே விளக்கினேன். அன்றைக்கு நீங்கள் ரொம்ப உறுதியாகச் சொன்னீர்களே என்றார். பிறகு கொஞ்சம் இரங்கி, அவரே வந்து முதலிலிருந்து வாக்குமூலம் கொடுத்தால் கோப்பைத் திரும்பத் திறக்கலாம், வேறு மொழிபெயர்ப்பாளரை வைப்போம், அவர் வராமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

கடைக்காரப் பெண்ணிடம்தான் அவர் நம்பர் இருந்தது. அண்ணை இப்போது தெற்கு லண்டனில் சட்டன் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார், மனு இன்னும் இழுபறியில் கிடக்கிறதாம், ஆரோடையும் கதைக்கிறதில்லை என்றாள். எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் தடவை அடித்தபோது எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது. நான் கொட்டித் தீர்த்தேன். “அண்ணே, எனக்கு அந்தச் சொல் தெரியலண்ணே. வேணும்னு செய்யல. கீறுறதுன்னா உங்க ஊர்ல வரையறதுன்னு சத்தியமாத் தெரியாது. நீங்க ஒரு தடவை வந்து சொன்னாப் போதும், எல்லாத்தையும் மாத்திரலாம். நான் எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சொல்றேன்” என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனில் ஒரு பெண் பேசினாள். என் குரல். கூட்டத்தில் பேசும்போது எனக்கு வருகிற அந்த மிடுக்கு, என் மதுரை இங்கிலீஷ், ஒரு எழுத்து பிசகவில்லை.

“யெஸ். ஐ கட் இட். ஐ கட் ஆல் சிக்ஸ்.”

போனை வைத்துவிட்டார்.